இரண்டு மில்லிமீற்றருக்கு மேல்

அரிதட்டின் கண் இரண்டு மில்லிமீற்றர்.
கீழே விழுவது மண்.
மேலே தங்குவது மண் இல்லை,
வீசிவிடலாம் என்கிறது செய்முறைக் குறிப்பு,
மூன்றாம் பக்கம், ஆங்கிலத்தில்.

அறிவியல் நகர், முற்பகல் பதினொன்று.
மின்விசிறி போட்டால் மாதிரி பறக்கும் என்று
எல்லோரும் வியர்க்கிறோம்.
ஆட்டுகிறேன்.
தங்கினவை:
வேர், சரளைக்கல், நத்தையோட்டுத் துண்டு,
நாலு துளையுள்ள ஒரு தெறி.

சந்துனி, என் ஆய்வுகூடச் சோடி, எம்பிலிப்பிட்டியாக்காரி,
நகத்தால் மண்ணைச் சுரண்டிப் பார்த்தாள்.
"பொத்தம" என்றாள்.
"தெறி" என்றேன்.
யாருடையது என்று அவள் கேட்கவில்லை.
இந்த நிலத்தில் சட்டை போட்டவர்கள்
நிறையப் பேர்.

நான் இங்கே விழுந்ததும் ஓர் அரிப்பில்தான்.
இசட் புள்ளி, நாலு தசமதானம்.
கொஞ்சம் கூடியிருந்தால்
பேராதனையில் பல் பிடுங்கப் படித்திருப்பேன்.
குறைந்திருந்தால்
கரடிப்போக்குச் சந்தியில் புடவைக்கடை.
அந்த இரண்டு பேருக்கும்
என் பெயர்தான் இருந்திருக்கும்.

அம்மா சொல்லுவா: "தேறினாக் காணும் பிள்ளை."
தேறுவது என்றால் சித்தியடைவது.
தேறுவது என்றால் ஆறுதல் கொள்வது.
செலவு போக மிஞ்சுவதற்கும்
அவவிடம் அதே சொல்தான்,
உழுந்து விற்ற இரவுகளில்:
"ஒண்டும் தேறேல்லை."

புலமைப்பரிசில் படிவத்தில் ஒரு கட்டம்.
கற்கையின் நோக்கம்.
ஒன்றரை வரிக்கு இடம்.
சமூகத்துக்குச் சேவை என்று எழுதினேன்.
எனக்கு முன் நின்ற பெடியனும் அதையே எழுதியிருந்தான்,
பேனையும் அவனுடையதுதான்.
கச்சேரி வாசலில் வெயிலுக்குக் கறுத்த பட்டதாரிகள்
நோக்கம் தபாலில் வருமென்று இருந்தார்கள்.
நம்பாமல் வேறென்ன செய்வது,
முத்திரை ஒட்டியாயிற்று.

நிறுத்தேன். காய்ச்சினேன். திரும்ப நிறுத்தேன்.
மணல் அறுபத்தொன்று, அடையல் பதினைந்து,
களி இருபத்துநாலு.
சரியாக நூறு.
நூற்றில் தெறிக்கு இடமில்லை.

அறிக்கைக்குக் கீழே ஒரு வரி விட்டு
தமிழில் எழுதினேன்:
வேறு, தெறி ஒன்று. நூல் இல்லை.

யாரும் கேட்கவில்லை. அதற்குப் புள்ளியும் கிடையாது.
சிவப்புப் பேனை வெட்டினால் வெட்டட்டும்.
இந்த மூன்று வருசத்தில்
நானாகத் தெரிந்து செய்தது
அந்த ஒரு வரி.

சந்துனி என் தாளை எட்டிப் பார்த்தாள்.
எழுத்து விளங்காது, விசயம் விளங்கியது.
தன் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்தாள்.
பிறகு பேனையை மூடிவிட்டு
அரிதட்டைக் கழுவப் போனாள்.