பொருள்

திரொம்சோவில் டிசம்பர்; பகலுக்கு விடுமுறை.
எய்வின்ட் நிரையும் நிரலுமாய்க் கடற்பனியை அடுக்குகிறான்,
வெறும் எண்.

“எண்ணுக்குப் பொருள் வேண்டாமா?”
சுன்னிவா வகுப்பொன்று எழுதினாள்:
ஒவ்வொரு கட்டமும் ஒரு பொருள்,
தன் வெப்பத்தைத் தானே வைத்திருக்கும்,
கதவைத் தட்டினால்தான் சொல்லும்.
இரண்டு கோடிக் கட்டம்.
இரண்டு கோடிக் கதவு.
மூன்று காபிக்குப் பிறகும்
ஜனவரி ஒன்றைத் தாண்டவில்லை கடல்.
அவன் சிரித்தான், கொஞ்சம் கூடுதலாகவே.

வியாழக்கிழமை
அவனுடைய செல்சியஸ் நிரலில் கெல்வின் புகுந்தது.
இருநூற்று அறுபத்தெட்டு டிகிரியில்
கொதித்துக் கிடந்தது ஆர்க்டிக்;
ஓர் எண்கூட முனகவில்லை.

இப்போது ஒரே ஒரு கதவு, வாசலில்.
உள்ளே எண்கள்
பழையபடி அம்மணமாய் ஓடுகின்றன.
வாசல் எது என்பதில்தான்
இருவருக்கும்
மீன் சூப் ஆறிக்கொண்டிருக்கிறது.