தராசின் நா

உலான்பாத்தர் ஓட்டலில் மூன்று நாள் பயிற்சி
முடித்து வந்திருந்தார் ஒயூன்கெரெல் அம்மையார்.
இணங்க வைக்கும் கலை. சான்றிதழில் பொன் முத்திரை.
பெயர் சொல்லி அழை. உள்ளங்கை தெரியப் பேசு.
எதிரே இருப்பவர் தலை சாய்த்தால் நீயும் சாய்.
தெற்கே ஆறு மணி நேரப் பயணம் முழுக்க
ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார்.
கேட்க நான் ஒருவன்தான், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.
பதினோரு முறை சம்மதித்தேன்.
எதற்கென்று இன்றுவரை தெரியாது.

ஏப்ரல். பல்லிடுக்கில் மணல் நெறிக்கும் காற்று.
ஆட்டின் குளிர்கால மென்மயிரைச்
சீப்பால் வாரியெடுக்கும் மாதம்.
நர்மந்தாக்கின் கூடாரத்தில் ஒன்பது வீட்டாரும்
முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.
எல்லைப் பக்கத்து வியாபாரி
அடுத்த வாரம் ரொக்கத்தோடு வருவான்.
அவனுக்கு விற்காதீர்கள், நம் ஆலைக்கே தாருங்கள்,
மூன்றாண்டு ஒப்பந்தம், அசையாத விலை, ஆட்டுக்குத் தடுப்பூசி.
அம்மையார் நன்றாகத்தான் பேசினார்.
ஒரு பெயர்கூடத் தப்பவில்லை.
உள்ளங்கைகள் விரிந்தன, மூடின, விரிந்தன.
உப்புப் போட்ட பால் தேநீரில் ஏடு படிந்தது.

நர்மந்தாக் எழுந்து போய்
பிரிக்காத மாவு மூட்டை ஒன்றை இழுத்து வந்தாள்.
இருபத்தைந்து கிலோ.
"உங்கள் தராசில் தொங்கவிடுங்கள்."
சிவப்பு எண்கள் தடுமாறித் தடுமாறி நின்றன:
இருபத்து நான்கு புள்ளி இரண்டு.
பிறகு கட்டிலுக்கடியிலிருந்து
அவள் மாமனாருடைய இரும்புத் தராசு வந்தது, எடைக்கற்களோடு.
இரண்டு பேர் தோளில் தாங்கிய கழியில் மாட்டினார்கள்.
மூட்டை ஒரு பக்கம், கற்கள் ஒரு பக்கம்.
நா ஆடி ஆடி
நடுவில் வந்து நின்றது.

யாரும் திட்டவில்லை.
அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"உங்கள் கவலை எனக்கு..." என்று தொடங்கினார் அம்மையார்.
பயிற்சிப் புத்தகத்தில் பன்னிரண்டாம் பக்கம்,
எனக்கே மனப்பாடம்.
பாதியில் நிறுத்திக்கொண்டார்.
கெண்டியின் மூடி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

அப்புறம் பேரேட்டைத் திறந்தார்.
போன வசந்தத்தில் இவர்களிடம் எடுத்ததாக எழுதியது
எழுநூற்று இருபத்தாறு கிலோ.
பென்சிலால் ஓரத்தில் பெருக்கினார், அடித்தார், மறுபடி பெருக்கினார்.
"இருபத்து நான்கு கிலோ உங்களுக்குக் குறைந்திருக்கிறது."
குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.
"முதலில் அதற்குப் பணம். ஒப்பந்தம் பிறகு.
வேண்டாமென்றால் வேண்டாம்."

சிக்னல் தேடிக் குன்றேறினார்.
கணக்காளரோடு சண்டை.
பாதியைக் காற்று கொண்டுபோனது, மீதி என் காதில்:
"போனஸ் என்று எழுதாதே.
நன்கொடை என்றும் எழுதாதே.
நாம் தின்றது என்று எழுது."

ஐந்து வீட்டார் கையெழுத்துப் போட்டார்கள்.
மூன்று வீட்டார் யோசிக்கிறோம் என்றார்கள்.
நர்மந்தாக் போடவில்லை.
"அடுத்த வசந்தத்தில் வாருங்கள், மாவு மூட்டையோடு இருப்பேன்."
ஆனால் இரும்புத் தராசைக் கம்பளித் துணியில் சுற்றி
வண்டியில் ஏற்றச் சொன்னாள்,
இரவலாக.

திரும்பும் வழியில் ஒத்திகை இல்லை.
பள்ளம் வரும்போதெல்லாம்
பின்னால் தராசின் நா கிணுங்கென்றது.
நாற்பது கிலோமீட்டர் பொறுத்தேன்.
பிறகு வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னேன்:
"போன வருஷம் ஆற்றைக் கடக்கும்போது
அந்த மின்தராசைக் கல்லில் நழுவவிட்டவன் நான்தான்.
யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை."

அவர் என்னைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை.
உள்ளங்கைகள் மடியில் மூடியே கிடந்தன.
வெகு நேரம் கழித்து,
"இறங்கிச் சக்கரத்தைப் பார்," என்றார்,
"காலையிலிருந்தே வண்டி
ஒரு பக்கமாக இழுக்கிறது."