நாற்பத்தோராம் பக்கம் பற்றி

நிந்தவூர்.
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

குலேந்திரன்,
ஃபோனில் எழுதத்தான் முதலில் பார்த்தேன்.
மூன்று தரம் எழுதி மூன்று தரம் அழித்தேன்.
அழித்தது அழிந்தே போகிறது அதில்.
தாளில் அப்படியில்லை,
வெட்டினால் வெட்டு நிற்கும்.
நீ வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
கீழே கிடப்பதை வாசிப்பாய், எனக்குத் தெரியும்.
அதனால் நானே சொல்லிவிடுகிறேன்,
உன் பெயருக்கு முன்னால் வெட்டியிருப்பது
கள்ளன்.

முன்னுரை கேட்டு நீ அனுப்பிய கட்டு
புதனன்று வந்தது, கல்முனை பஸ் கொண்டக்டர் கையில்,
ஒரு மூலை கருவாட்டு நெய் குடித்து.
ஆறாவது கதை வரைக்கும்
நல்லாத்தான் இருந்தேன்.

ஏழாவதில் என் தம்பி.

பெயரை மாற்றியிருக்கிறாய். ஊரை மாற்றியிருக்கிறாய்.
கல்லடிப் பாலத்தில் அந்த இரவு,
இறால் பிடிக்கிறவர்களின் லாம்பு கீழே ஆட ஆட
உனக்கு மட்டும் நான் சொன்னது
தாளில் கிடக்கிறது,
அரைப்புள்ளி காற்புள்ளியோடு.

முன்னுரை தரமாட்டேன்.
பிழை திருத்தித் தருகிறேன்.

பக்கம் முப்பத்தெட்டு: றசீனின் சைக்கிள் சிவப்பில்லை,
பச்சை. பின் மட்காட் என்னுடைய பழைய சைக்கிளில் கழற்றியது, கறுப்பு.
பக்கம் நாற்பது: அவன் இடக்கையால்தான் எழுதுவான்,
சோற்றுக்கு மட்டும் வலது.
அதே பக்கம், உம்மா அழுதாள் என்கிறாய். இல்லை.
உம்மா அன்று நெல் அவித்தாள்.
அடுத்த நாளும் அவித்தாள்.
யாருக்கு இவ்வளவு என்று கேட்க
வீட்டில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

மறுகா, நாற்பத்தொன்று.
அங்கே அவனைத் திருப்பிக் கொண்டு வருகிறாய்.
வெட்டாற்றுப் பக்கமாக, கச்சான் காற்றுக்கு எதிரே உழக்கி,
சாரத்தை மடித்துக் கட்டி,
மணி அடிக்காமல்.

வாசித்துவிட்டு எழும்பிப் போய்
கேற்றைப் பார்த்தேன், குலேந்திரன்.
அறுபத்திரண்டு வயது எனக்கு.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
மறுபடியும் பார்த்தேன்.

கோபம் அதுக்குப் பிறகுதான் வந்தது.
இந்த இடத்தில் மூன்று வரி வெட்டியிருக்கிறேன்.
இதை மட்டும் தூக்கிப் பிடிக்காதே.

ஒன்று கேட்கவேணும்.
வாழைச்சேனையில் பஸ்ஸால் இறக்கிக் கொண்டுபோன உன் அண்ணன்
பதினொரு கதையிலும் வரவில்லை.
ஒரு பக்கத்தில்கூட
அவருக்கு ஒரு சைக்கிள் இல்லை.
உன்னிடம் இருந்ததே ஒரேயொரு திரும்பிவருதல்.
அதையா எங்கள் வீட்டுக்கு எழுதினாய்?

பேனை முடிந்துவிட்டது. இனிப் பென்சில்.

நாற்பத்தொன்றில் நான் ஒன்றும் தொடவில்லை.
ஓர் ஒற்று மிகை, அதையும் விட்டுவிட்டேன்.
ஆனால் கதை கேற்றடியோடு நிற்கிறதே.
யார் திறந்தது? சாப்பிட்டானா?
அவித்த நெல் அவ்வளவும் குத்தினார்களா?
எழுது. எழுதாவிட்டால்
வருகிற கிழமை கட்டோடு நானே வருவேன்.

வரும்போது, உன் அண்ணனின் கையெழுத்து
ஏதும் மிச்சமிருந்தால் எடுத்து வை.
அவர் எந்தக் கைக்காரர் என்று
இத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை.

இஸ்ஸதீன்