இடப்பக்கக் கதவு

அந்தி மழையில் சறுக்கிய
பக்கத்து வீட்டு வீரபத்திரனின் மோட்டார்
என் சாகாமேல் சாய்ந்துவிட்டது.
அதில் கட்டியிருந்த குலைவெட்டும் அலக்கு
இடப்பக்கக் கதவில்
ஒரு மங்கு அளவுக்குக் குழி தோண்டிற்று.

இருட்டுமுன்னே ஈரச் சட்டையோடு வந்து
"நான்தாண்ணே" என்றான்.
சொல்லாமல் போயிருந்தால்
இந்தத் தாமான் முழுவதையும் திட்டியிருப்பேன்.
இப்போது யாரைத் திட்ட?

சுங்கை சிப்புட் பட்டறையில் ஆ மெங்
விரலால் தட்டிப் பார்த்தான்.
நானூற்றைம்பது வெள்ளி, சாயம் தனி.
வெளியிலிருந்து திறக்காது,
உள்ளேயிருந்து திறக்கும்,
"அது இனாம்" என்று சிரித்தான்.

மாதம் ஐம்பது தருகிறேன் என்றான் வீரபத்திரன்.
அவன் தோட்டத்து லோரிகளை
ஆலை எடைமேடையில் நிறுத்துப் பதிபவன் நான்.
மழை மாதத்தில் எத்தனை டன் குறையும்,
எவன் வீட்டு உலை தாமதமாகக் கொதிக்கும்,
எனக்குத் தெரியாதா?

"வாங்காதீங்க" என்றாள் கோமளவல்லி.
"நானூறு வெள்ளி செம்பனையிலா காய்க்குது?"
அதோடு பேச்சு நின்றது.

ஆனாலும் அவளுக்கு ஏழு மணி வேலை.
கையைக் கட்டிக்கொண்டு
கதவோரம் வந்து நிற்பாள்.
நான் அவள் இருக்கைமேல்
குப்புற விழாத குறையாகச் சாய்ந்து
உள்கொண்டியை இழுப்பேன்.
மூன்று காலைகள் இப்படி.

நாலாம் நாள் மேலிருந்து குரல்:
"தலைக்கு எண்ணெய் வெச்சா என்ன?"

முதல் ஐம்பது
இன்னும் சட்டைப்பையில்தான், மடித்தபடி,
பழக்குலை வாடையோடு.
வாங்கினேன் என்று அவளிடம் சொல்லவில்லை.
கதவை
அடுத்த மாதம் பார்க்கலாம்.