தெரியாவிட்டால் வேண்டாம்

மொய்தீன் பிரவுசிங் சென்டரை மூடியபோது
மேசைகளோடு எடைக்குப் போகவிருந்த
கிராபிக்ஸ் கார்டு.
முந்நூறு ரூபாய். விசிறி கொஞ்சம் நொண்டி.

டிரைவர் போட்டேன். திரை கறுத்தது.
கழற்றி மறுபடி போட்டேன்.
இம்முறை மூலையில் ஒரு வெள்ளைக் கோடு
சிமிட்டிக்கொண்டே நின்றது
கொருக்குப்பேட்டை கேட் போல.
திறக்கவும் இல்லை, ரயிலும் வரவில்லை.

இந்தக் கெர்னலுக்கு
இவ்வளவு பழைய முகம் அடையாளம் தெரியாதாம்.
சரி, கெர்னலையே புதிதாகக் கட்டிவிடுவோம் என்று
இரவு பதினொன்றரைக்கு உட்கார்ந்தேன்.

அது கேட்க ஆரம்பித்தது.
ஹாம் ரேடியோ வேண்டுமா?
ஜாய்ஸ்டிக்? டேப் டிரைவ்?
நான் கண்ணால் பார்த்திராத
ஏதோ ஒரு கம்பெனியின் நெட்வொர்க் கார்டு?
ஒவ்வொன்றின் கீழேயும் அதே புத்திமதி:
தெரியாவிட்டால் வேண்டாம் என்று சொல்.

தண்டையார்பேட்டையில் நாற்பது வருஷம்.
இப்படி ஒவ்வொன்றாக
என்னை யாரும் கேட்டதில்லை.
எண்ணூர்ச் சாம்பல்? மணலியிலிருந்து
ஒரு மணிக்குமேல் வருமே, அந்த வாடை?
மூன்றாவது மாடிக்கு
மோட்டார் ஏற்றாத தண்ணீர்?

வேண்டாம், வேண்டாம், வேண்டாம்.
விரல் ருசி கண்டுவிட்டது.

கம்பைல் ஓடியது.
மேசை விசிறியை சிபியு பக்கம் திருப்பினேன்.
காசிமேட்டு ஏலத்துக்குக் கிளம்பிய லூர்து
கதவிடுக்கில் எட்டிப் பார்த்து
"இன்னாபா, இன்னும் வேவலியா?" என்று
கூடையோடு இறங்கிப் போனான்.

இரண்டரைக்கு ரீஸ்டார்ட்.
எழுத்துகள் ஓடின, ஓடின, நின்றன.
ரூட்டைக் காணவில்லை.
பேனிக்.

அத்தனை வேண்டாம்களுக்கு நடுவே
என் ஹார்ட் டிஸ்க்குக்கும்
வேண்டாம் சொல்லியிருக்கிறேன்.

நல்லவேளை, பழைய கெர்னல்
மெனுவில் இரண்டாவது வரியில்
கோபமில்லாமல் இருந்தது.
அதில் ஏறி உட்கார்ந்து
மறுபடி முதல் கேள்வியிலிருந்து.
இந்த முறை படித்துப் படித்து.

குணவதி புரண்டாள்.
ஜாக்கெட் முதுகில் ஒட்டியிருந்தது.
"அந்தப் பொட்டிக்குக் காத்து. எனக்கு?"
அதற்கு நூறு டிகிரி என்றேன்.
"எனக்கு மட்டும்?"

விசிறியை அவள் பக்கம் திருப்பினேன்.
நான்கு கோரில் மூன்றை நிறுத்திவிட்டு
ஒன்றை மட்டும் ஓடச் சொன்னேன்.
விடிந்துவிடும். விடியட்டும்.

ஒவ்வொரு ஃபைலாக நகர்கிறது.
பழைய டிரைவரில்
திரை ஓரத்துக் கடிகாரம்
இன்னும் முட்டை வடிவில்தான்
நாலு மணி காட்டுகிறது.