தடங்கலில்லாத மூன்று பக்கங்கள்

என் தம்பிக்குத் தன் பெயரே முதல் தடங்கல்.
‘த’ என்று தொடங்கி
அதிலேயே நின்று
கண்ணை இறுக்கி மூடி
கையால் துடையில் ஒருதரம் தட்டினால்தான்
தயாளரூபன் வெளியே வருவான்.
பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடும்போது
கையை மட்டும் தூக்குவான்.

குற்ற ஒப்புதல் வாக்குமூலம் மூன்று பக்கம்.
முழுக்கச் சிங்களம்.
அடியில் மட்டும் தமிழில் அவன் கையெழுத்து.

அதை வாசிக்கவென்றே
சனிக்கிழமைகளில் மல்லாவியிலிருந்து வவுனியாவுக்குப் பஸ் ஏறி
பதினாறு வயதுப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில்
சிங்களம் படித்தேன். இரண்டு வருஷம்.
முழுதும் விளங்கின இரவு
மச்சாள் பிறேமினியைத் தட்டி எழுப்பினேன்.
‘இதில ஒரு இடத்திலயும் அவன் நிற்கேல்லையடி.’
மாங்குளத்துக் கடைக்காரரைக் குத்தினானாம்
லாச்சியை உடைத்தானாம்
கத்தியைக் குளத்தில் எறிந்தானாம்
எல்லாம் ஒரே மூச்சில்,
ஒரு எழுத்துக்கூட இரண்டுதரம் வராமல்.

சட்டத்தரணி கண்ணாடியைத் துடைத்தார்.
‘திக்குவாய் சாட்சியில்லைத் தங்கச்சி.
காகிதம் ஏதும் இருந்தால் கொண்டு வாங்கோ.’

காகிதம் இருந்தது.
கொலை நடந்த இரவு எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணிமுறை.
பத்து மணியிலிருந்து விடிய நாலு மட்டும்
முழங்கால் சேற்றில் நின்றவன் அவன்.
திறக்க ஒரு கையெழுத்து, பூட்ட ஒரு கையெழுத்து,
கமக்காரர் அமைப்பின் கொப்பியில்.
கொப்பி செயலாளர் வீட்டில்.
செயலாளர் செத்து, வீடு பூட்டி,
சாவி துணுக்காயில் கலியாணம் கட்டின மகளிடம்.
திறந்தால் யூரியாப் பையும் கறையான் புற்றும்.

ஐயா அந்த மண்ணை அரிதட்டில் போட்டு அரித்தார்.
ஒரு பகல் முழுக்க.
வந்தது அரைப் பக்கம்.
மேல் வரியில் பதினோராம் திகதி
கீழ் வரியில் பதின்மூன்று
நடுவில் திகதியில்லை, அவன் கையெழுத்து மட்டும்.
‘பன்னிரண்டைக் கறையான் திண்டிட்டுது.
எண்ணத் தெரியாதோ அவைக்கு?’ என்றார் ஐயா.

பதினேழு தவணை.
மொழிபெயர்ப்பாளர் வரவில்லை.
கோப்பு வேறு கட்டடத்தில்.
நீதிபதிக்கு மாற்றம்.
உழவு மெஷின் போனது, பிறகு மேட்டுக்காணி.

ஒருமுறை இரவு பஸ் புளியங்குளத்தில் நின்றபோது
கடலைவடை சுற்றிவந்த பேப்பரை
அவன் மகன் எழுத்துக் கூட்டி வாசித்தான்.
‘அ-லு-கோ-சு. வேலைக்கு ஆள் தேவையாம்.
எட்டாம் வகுப்பு காணுமாம். என்ன வேலை மாமி?’
பிறேமினி எண்ணெய் பிழிவதுபோல்
அந்தத் தாளைக் கசக்கிக் கொண்டேயிருந்தாள்,
கொழும்பு மட்டும்.

வெலிக்கடையில் கம்பிவலைக்கு இந்தப்பக்கம் பத்து நிமிஷம்.
‘ம’ என்றான் ஒருநாள்.
ம… ம…
நேரம் முடிந்தது. கூட்டிக்கொண்டு போனார்கள்.
அந்த மாதம் முழுக்க ‘ம’வில் தொடங்கும் சொற்களோடு படுத்தேன்.
மகன்.
மருந்து.
மன்னிப்பு என்றுகூட ஒரு இரவு நினைத்தேன்.
அதற்காக இன்னும் அவன் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.
அடுத்த மாதம் வந்து நின்று, துடையில் தட்டிச் சொன்னான்:
‘மடை. கிழக்கு மடை ஒழுகும்.
ரெண்டு மண்மூட்டை வைக்கச் சொல்லு.’
விற்ற காணியின் மடை.
‘ஓம்’ என்றேன்.

பதினெட்டாம் தவணை.
இன்றைக்கு எல்லாரும் வந்திருக்கிறார்கள்.
அரைப் பக்கம் பொலித்தீன் உறைக்குள், சட்டத்தரணியின் மேசையில்.
நீதிபதி பெயர் கேட்கிறார்.
‘த’ என்கிறான் தம்பி.
மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறந்து
பிறகு மூடுகிறார்.
மின்விசிறி சுற்றுகிறது.
எழுதுகிறவரின் பேனை தாளில் முட்டாமல் நிற்கிறது.
எனக்குப் பக்கத்தில், கடைசி வாங்கில்,
ஐயா தன் துடையில் ஒருதரம் தட்டுகிறார்.