கடல்மட்டக் கேள்வி

மாரென் ஓஸ்லண்ட் தேடியது இரண்டு:
தயாரிப்பதை நிறுத்திவிட்ட ஒரு கால்குலேட்டர்,
அதன் முதுகில் செருகும் நில அளவை அட்டை.
அட்டை இல்லாத பொறி வெறும் கூட்டல் கழித்தல்.
பொறி இல்லாத அட்டை
டெல்வின் ஹாட்சின் மகள் காரில் கிடந்தது,
முன்கண்ணாடியில் உறைபனி சுரண்ட.
"கைக்கு அடக்கமாக இருந்தது" என்றாள் மகள்.
பதினாறு குளிர்காலம் சுரண்டியிருக்கிறது.
ஓரம் தேய்ந்து, தகட்டுப் பற்கள் மட்டும் மின்னின.

வழக்கு இதுதான்.
ஐடஹோவின் தெற்கே, ஆறாயிரத்து இருநூறு அடி உயரத்தில்
இத்தூர்பேயின் ஆடுகளுக்கும் க்விக்லியின் மாடுகளுக்கும் நடுவே
ஓர் ஊற்று.
1993இல் டெல்வின் வரைந்த படத்தில் அது இத்தூர்பேக்கு.
அதே எண்களைச் செயற்கைக்கோளிடம் கொடுத்தால்
எல்லை பதினோரு அடி தள்ளி விழுந்து
ஊற்று க்விக்லியின் பக்கம் போய்விடுகிறது.
குடித்துவிட்டு அளந்திருப்பான் என்றார் க்விக்லி.
டெல்வின் இறந்து ஏழு வருடம்.
மறுத்துப் பேச ஆளில்லை.

அவன் என்ன கேட்டான், பொறி என்ன சொன்னது
என்று பார்க்க வேண்டும் மாரெனுக்கு.
பாய்சியில் ஒருவன் எண்ணூறு டாலர் கேட்டான்.
ஸ்போகேனில் ஒரு பள்ளி
போன வாரம்தான் நாற்பதைக் குப்பையில் போட்டிருந்தது.
போகடெல்லோவின் அடகுக்கடையில்
துப்பாக்கிகளுக்கும் சேணங்களுக்கும் இடையில்
ஒன்று அகப்பட்டது. முப்பத்தைந்து டாலர்.
பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது.
வினிகரில் பஞ்சை நனைத்து
ஓட்டல் அறையில் இரவு முழுக்கத் துடைத்தாள்.
அறை ஊறுகாய்ஜாடிபோல் மணத்தது.

திரை விழித்தது.

சமன் குறி கிடையாது அதில்.
எண்ணை வை, இன்னோர் எண்ணை வை, அப்புறம் பெருக்கு.
(நம் வாக்கியமும் இப்படித்தான்.
யார், எதை, எங்கே எல்லாம் வந்து நின்ற பிறகே
வினை வரும்.
மாரெனுக்கு இது தெரிய நியாயமில்லை.
அவள் அப்பா பேசிய நார்வேஜிய மொழியில்
வினை இரண்டாவதாகவே வந்துவிடும்.)

டெல்வினின் களப்புத்தகத்தைத் திறந்து
ஒவ்வொரு கோணமாக, ஒவ்வொரு தூரமாக ஏற்றினாள்.
என்டர் விசை ஒட்டிக்கொண்டது, நகத்தால் நெம்ப வேண்டும்.
நூற்றுப் பன்னிரண்டு முறை நெம்பினாள்.
கடைசியில் அட்டை ஒரு கேள்வி கேட்டது:
தூரங்களைக் கடல்மட்டத்துக்குக் குறைக்கவா?

அலுவலகத்தில் இருக்கும் மென்பொருள்
இதைக் கேட்பதே இல்லை.
அதுவாகக் குறைத்துவிடும்,
கேட்டால் யாராவது தப்பாகச் சொல்லிவிடுவார்கள் என்று.

வேண்டாம் என்று அழுத்தினாள்.
டெல்வினின் படம் அப்படியே வந்தது, கடைசி இலக்கம் வரை.

அவன் அளந்தது
தன் பூட்சுக்கு அடியில் இருந்த பூமியை.
இவர்கள் தேடியது அதற்கு ஆறாயிரம் அடி கீழே
யாரும் நிற்காத, உப்புகூட இல்லாத
ஒரு கணக்குக் கடலில்.
ஏழு மைல் நடந்தால் இரண்டுக்கும் வித்தியாசம்
பதினோரு அடி.

மறுநாள் பதினோரு அடி பின்னால் வந்து
செம்மறிப் புதரை வெட்டிப் பார்த்தாள்.
உலோகம் தேடும் கருவி அழுதது.
முக்கால் அங்குல இரும்புக் கம்பி,
மஞ்சள் தொப்பி, அதில் டெல்வினின் உரிம எண்.
மண்ணில் கம்பி இருந்தால்
காகிதத்தில் எண் வாயை மூட வேண்டும்,
சட்டம் அப்படி.

இத்தூர்பே தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டார்.
"அப்படியானால் அவன் குடிக்கவில்லை" என்றார் க்விக்லி.
"குடித்தார். களப்புத்தகத்தில் காபிக் கறை மட்டும்தான்"
என்றாள் மாரென்.
ஆடுகள் ஏற்கெனவே தண்ணீரில் நின்றன.

மாவட்ட அலுவலக இழுப்பறையில்
டெல்வினின் படங்கள் இன்னும் நாற்பத்தொன்று இருக்கின்றன.
அன்று பின்னிரவு இரண்டரைக்கு
ஒஹாயோக்காரன் ஒருவன் ஏலம் விட்ட
இன்னொரு பொறிக்கு விலை வைத்தாள்:
"வேலை செய்கிறதா தெரியாது. திருப்பி வாங்க மாட்டேன்."
அறுபத்திரண்டு டாலர்.
யாரோ அறுபத்துமூன்று வைத்தார்கள்.
யார் அது,
எந்த மேட்டில் எந்தக் கம்பியைத் தேடுகிறார்
என்று யோசித்துக்கொண்டே
அறுபத்தைந்து என்று தட்டினாள்.